சோதினைப் பிள்ளையும் நூற்றெட்டு மோதகமும்

1

நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் வருடத்துக்கு இரண்டு முறை பெற்றோரைக் கூப்பிட்டு அவர்களுடைய பிள்ளையைப் பற்றிப் பேசுவோம். சென்ற வாரம் ஒரு தமிழ்த் தகப்பன் வந்திருந்தார். மகனுக்கு நாலு வயது. எங்கள் பொறுப்பாசிரியை நோர்வேக்காரி. மகன் விளையாட்டுச் சாமான்களை மற்றப் பிள்ளைகளோடு பங்கிட்டுக்கொள்கிறான், மழையில் சறுக்கி விழுந்தாலும் தானே எழும்பி வருகிறான், யாராவது அழுதால் பக்கத்தில் போய் இருக்கிறான் என்று முகம் மலரச் சொன்னார். நான் தமிழில் சொல்லச் சொல்லத் தகப்பன் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு என் பக்கம் குனிந்தார்.

"அக்கா, உதெல்லாம் சரி. வகுப்பிலை எத்தினையாம் பிள்ளை எண்டு கேளுங்கோ."

நாலு வயதுப் பிள்ளையைப் பற்றி அப்படிக் கேட்டால் அந்த அம்மா கதிரையோடு சரிந்துவிடுவார். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று தகப்பன் கேட்கிறார் என மாற்றிச் சொல்லிவைத்தேன். ஆசிரியை மகிழ்ந்துபோய், பையன் மத்தியானத்தில் தின்னும் ரொட்டித் துண்டுகளைப் பற்றி நீளமாக விளக்கினார். தகப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாம் பிள்ளையாம்" என்றேன்.

மனுசன் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். பொய் சொன்னதற்காக எனக்குக் கொஞ்சமும் வெட்கம் வரவில்லை. பேர்கனின் ஓயாத மழைக்குள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது தனியே சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்போடு சிரிப்பாக ஊரில் இருக்கும் என் அக்காவின் ஞாபகம் வந்தது. போன ஆடியில் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அக்கா வீட்டில் நடந்ததை எழுத வேண்டும் என்று அப்போதுதான் நினைத்தேன்.

2

அதற்கு முந்திய வைகாசியில் ஒரு நாள் வட்ஸ்அப்பில் கூப்பிட்ட அக்கா, சுகம் கேட்பதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சாந்தி, இந்த வருசம் நீ வராதை."

"ஏனக்கா? ஆருக்கும் சுகமில்லையோ?"

"சாம்பவி இரண்டாந்தரம் எழுதுறாள். சோதினைப் பிள்ளை இருக்கிற வீடு. ஆக்கள் வந்து போனால் பிள்ளை குழம்பிப்போவாள்."

சாம்பவி அக்காவின் ஒரே மகள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. என் மகள் மாயாவும் தட்டுத்தடுமாறி இதை வாசிப்பாள் என்பதால் சொல்கிறேன். பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரச் சோதினையில் உயிரியல் எடுத்த பிள்ளைக்கு ஊர் வைத்திருக்கும் ஒரே பெயர் டொக்டர். சாம்பவி முதல் தரத்திலேயே நல்ல பெறுபேறுதான் எடுத்திருந்தாள். ஆனால் மற்றப் பிள்ளைகள் என்ன எடுத்தார்கள் என்பதும் சேர்ந்துதான் எங்கள் நாட்டில் கணக்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டுமா? மருத்துவம் கிடைக்காது என்று பெறுபேறு வந்த அன்றே தெரிந்துவிட்டது. ஆகவே இரண்டாந்தரம். அதிலும் இல்லையென்றால் மூன்றாந்தரம் எழுத அரசாங்கம் தாராளமாக இடம் வைத்திருக்கிறது.

ரிக்கற் எடுத்தாயிற்று, மாற்ற ஏலாது என்றேன். அக்கா பெருமூச்சு விட்டு நிபந்தனைகளைச் சொன்னார். சத்தம் போடக்கூடாது. வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடக்கூடாது. மாயா சாம்பவியோடு கதை வைத்துக்கொள்ளக்கூடாது. சொக்கிளேற் வேண்டாம், மீனெண்ணெய் கொண்டுவரவேண்டும்.

"உங்கடை நாட்டு மீனெண்ணெய் மூளைக்கு நல்லதாம். போன முறை அனுப்பினது முடிஞ்சுது."

பிறகு, மாயா என்ன படிக்கப்போகிறாள் என்று கேட்டார். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. நோர்வேயில் உயர்பள்ளி முடித்த பிள்ளைகள் ஒரு வருடம் தங்கியிருந்து விருப்பமானதைச் செய்கிற பள்ளிகள் இருக்கின்றன. மாயா பாய்க்கப்பல் ஓட்டப் பழக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள். அங்கே பரீட்சை இல்லை, புள்ளியும் இல்லை. நானும் மாதக்கணக்காகச் சண்டை பிடித்துத் தோற்றுத்தான் சம்மதித்திருந்தேன்.

நான் சொன்னதும் அக்கா, பாய்க்கப்பல், பாய்க்கப்பல் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"சோதினை இல்லையெண்டால்" என்றார் கடைசியில், "ஆர் முதலாம் பிள்ளை எண்டு எப்பிடித் தெரியும்?"

3

அக்கா வீட்டுக் கேற்றின் கொளுக்கியில் பழைய சீலைத்துணி சுற்றியிருந்தது. இரும்பு தட்டுகிற சத்தம் உள்ளே கேட்கக்கூடாதாம். ரீவியை மேசை விரிப்பால் மூடி அதற்கு மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். அத்தான் மோட்டார்சைக்கிளை ஒழுங்கை முடியும் இடம் வரை உருட்டிக்கொண்டு போய் அங்கேதான் உதைத்து இயக்குவார். தோட்டம் வீட்டோடு சேர்ந்தது. தண்ணீர் இறைக்கிற மெசின் சாம்பவி ரியூசனுக்குப் போன பிறகுதான் ஓடும். வெங்காயப் பாத்திகளும் அவளுடைய நேர அட்டவணைப்படிதான் தண்ணீர் குடித்தன.

இந்த அமைதிக்குள் மாயா பயணப்பையை உருட்டிக்கொண்டு நுழைந்தாள்.

"பெரியம்மா! நீ நல்லா மெலிஞ்சு போனாய்!"

நோர்வேயில் பிரதமரையும் "நீ" என்றுதான் சொல்வார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா வாயில் விரலை வைத்தபடியே மாயாவைக் கட்டிப்பிடித்துச் சத்தமில்லாமல் சிரித்தார். உடம்பெல்லாம் குலுங்கியது. உள்ளே இருந்து சாம்பவி எட்டிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருமை. இரண்டு வருடத்துக்கு முன் வீடு அதிரச் சிரித்த பிள்ளை, எங்களைக் கண்டு உதட்டை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பிப் போய் மேசையில் இருந்தாள்.

நான் தேத்தண்ணீர் கொண்டு போகும்போதெல்லாம் அவளுக்கு முன்னால் விரித்திருந்த புத்தகத்தைப் பார்த்தேன். முதல் நாள் இதயத்தின் படம். அடுத்த நாளும் அதே இதயம். மூன்றாம் நாளும் அதுதான். பக்கம் திரும்பவேயில்லை. அக்காவோ வாசலில் நின்று பார்த்து, "பிள்ளை கதிரையை விட்டு எழும்புறாளே இல்லை" என்று என் காதுக்குள் பூரித்தார்.

ஒரு நாள் காலை ரியூசன் முடிந்து வந்தவள், கேற்றடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அதன்மேலேயே இருந்தாள். தலைக்கவசத்தையும் கழற்றவில்லை. நான் கிட்டப் போனேன்.

"என்ன பிள்ளை, இறங்கேல்லையோ?"

"கொஞ்சம் இப்பிடியே இருக்கிறன் சித்தி. உள்ளை போனால் படிக்க வேணும்."

"படிக்கிறது ஏறுதோ?"

"எழுத்தெல்லாம் தெரியுது. வாசிச்சு முடிச்சால் ஒண்டும் இல்லை. போன வருசம் அந்த இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கீறுவன். இப்ப அதைப் பார்த்தால் அழுகை வருது." தலைக்கவசத்தைக் கழற்றினாள். உள்ளே கொத்தாக முடி ஒட்டியிருந்தது. "படுத்தால் நித்திரை வராது. வகுப்பிலை இருந்தால் வருது."

"அம்மாட்டைச் சொன்னியோ?"

"சொன்னால் இன்னொரு எண்ணெய் வரும் சித்தி."

அப்போது ஜிம்மி ஓடிவந்து அவள் காலைச் சுற்றியது. அது நாட்டு நாய்தான். ஆனால் உடம்பு கண்ணாடிபோல் மின்னியது. நான் நாயைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மீனெண்ணெயோ?"

"ஓம்" என்றாள் மெதுவாக. "ஒரு நாளும் விடாமல் குடுத்தனான்."

"அடி பாவி, அப்ப எங்கடை ஜிம்மிக்குத்தான் மெடிசின் கிடைக்கப்போகுது."

அவள் சிரித்தாள். வந்து இத்தனை நாளில் முதல் தடவை. சிரித்து முடிந்ததும் கண் கலங்கியது. உயிரியலில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் செடி கொடி என்றாள். சின்ன வயதில் பயற்றங்கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்ததற்காக அத்தானிடம் ஏச்சு வாங்கியவள் அவள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அப்பா தன்னைத் தோட்டத்துக்குள் விடுவதேயில்லை, படிக்கிற பிள்ளையின் காலில் மண் படக்கூடாதாம் என்று வேலிக்கு அப்பால் பார்த்தபடி சொன்னாள்.

4

அன்று மத்தியானம் குசினியில் அக்காவிடம் கதையை மெல்லத் தொடங்கினேன். பிள்ளை களைத்துவிட்டாள், ஒரு டொக்டரிடம் காட்டினால் என்ன, சோதினையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன என்றேன். அக்கா தேங்காய்ப்பூவைப் பிழிந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உன்ரை நாட்டுக் கதையை இஞ்சை இறக்காதை சாந்தி. உங்கை பிள்ளை விழுந்தால் அரசாங்கம் பிடிக்கும். இஞ்சை படிப்பு மட்டும்தான் பிடிக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அக்கா சொன்னது பொய்யில்லை. நானும் அக்காவும் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள். யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தபோது அம்மா முதலில் எடுத்துப் பையில் வைத்தது எங்கள் சான்றிதழ்களை. வீட்டையும் கிணற்றையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அப்படிப் பிழைத்த சனத்திடம் போய், பிள்ளை பாய்க்கப்பல் ஓட்டட்டும் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயணப்பையோடு வந்து இறங்கி, புத்திமதி சொல்லிவிட்டு ஏறிப்போகிறவள். இங்கே கிடந்து தண்ணீர் இறைத்துப் பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள்.

அத்தான் அதிகம் பேசமாட்டார். அன்று கைகழுவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "என்ரை முதுகு வளைஞ்சமாதிரி அவளுக்கும் வளைய வேண்டாம், சாந்தி. அவ்வளவுதான் என்ரை ஆசை."

5

நாங்கள் அங்கே நிற்கும்போதே, சாம்பவி முதல் தரம் எழுதிய சோதினைக்கான வெட்டுப்புள்ளி வந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பீடம் என்று போனிலேயே பார்க்கலாம். சாம்பவி பார்த்துவிட்டு வந்து குசினி வாசலில் நின்றாள்.

"எனக்கு விவசாயம் கிடைச்சிருக்கு."

அவள் குரலில் இருந்த துள்ளலை நான் கவனித்தேன். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"தோட்டம் செய்யிறதுக்குக் கம்பஸோ?" என்றார் அத்தான். "அதை நான் இஞ்சை சும்மா படிப்பிப்பன்."

"உதை விடு பிள்ளை" என்றார் அக்கா. "கார்த்திகையிலை எழுதி மெடிசின் எடு."

கிடைத்த பீடத்தில் பதிந்துவிட்டால் மறுபடி எழுதி வேறொன்றுக்குப் போக முடியாது. பதியாமல் விட்டால் கையில் இருப்பதும் போய்விடும். பதிவதற்கு இருந்ததோ சில நாட்கள். சாம்பவி அறைப் பக்கம் திரும்பினாள். இன்னும் நாலைந்து மாதம் அந்த இதயத்துக்கு முன்னால் அவள் இருந்தால் என்ன ஆவாள் என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

அப்போதுதான் மாயா கேட்டாள்.

"பெரியம்மா, அப்ப மோதகம் எப்ப?"

"என்ன மோதகம்?"

"நீ சொன்னாய். கம்பஸ் கிடைச்சால் பிள்ளையாருக்கு மோதகம். ஹண்ட்ரட் அண்ட் எய்ட்."

அக்கா அப்படியே நின்றுவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சாம்பவி முதல் தரம் எழுதப் போகும் முன் அக்கா சந்திப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தவர். அதைக் கனடா, பாரிஸ், பேர்கன் என்று எல்லா உறவுக்கும் போனில் சொல்லியும் வைத்தவர். பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தால் நூற்றெட்டு மோதகம் அவித்துப் படைப்பதாக. எந்தப் பீடம் என்று சொல்ல மறந்துபோனார். யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையின் தாய்க்குக் கம்பஸ் என்றால் மருத்துவ பீடம்தான், மற்றதெல்லாம் கட்டடங்கள்.

"நான் மெடிசினைத்தான் நினைச்சு வைச்சனான்" என்றார் அக்கா, குரல் இறங்கி.

"வாயாலை என்னக்கா சொன்னனீங்கள்?"

"கம்பஸ் எண்டு."

அத்தானைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பிள்ளையாரைக் கும்பிடாமல் மண்வெட்டியைத் தொடாத மனுசன். அவருடைய முகத்தில் பெரிய போராட்டமே நடந்தது. "கேட்டதைத் தந்த பிறகு வேண்டாம் எண்டு சொல்லுறதோ?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

அக்கா கதிரையில் பொத்தென்று இருந்தார். "மோதகத்தைப் படைச்சால் கிடைச்சுது எண்டு ஒத்துக்கொண்டதாப் போம். படைக்காமல் விட்டால் கார்த்திகையிலை எந்த முகத்தோடை அவரிட்டைப் போறது?" பிறகு ஒரு நம்பிக்கையோடு நிமிர்ந்தார். "மனசிலை இருந்தது அவருக்குத் தெரியாதோ?"

"தெரியும் அம்மா."

சாம்பவி அறைக்குப் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் மட்டுமே கேட்டனீங்கள்? அண்டைக்கு நானும் பக்கத்திலைதானே நிண்டனான்."

"நீ என்னத்தைக் கேட்டனீ?"

"ஒருக்கால் எழுதினதே போதும் எண்டு." நிலையை விட்டு முன்னால் வந்தாள். "நான் என்ன கேட்டனான் எண்டு இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை."

மாயாவுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். அவளும் சாம்பவியின் பக்கத்தில் போய் நின்றாள். அத்தான் சால்வையை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் இறங்கிப் போனார். சாப்பிடவில்லை.

6

கொஞ்ச நேரத்தில் மெசின் ஓடத் தொடங்கியது. சோதினைப் பிள்ளை வீட்டில் இருக்கும்போது அது ஓடியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. அக்கா பதறி எழும்பினார். அதற்குள் சாம்பவி செருப்பைக்கூடப் போடாமல் தோட்டத்துக்குள் போய்விட்டாள்.

நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். மெசின் சத்தத்தில் அவர்கள் கதைத்தது ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டு அவளைப் பார்க்காமலே ஏதோ சொன்னார். அவள் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. பாத்தி ஓரத்தில் குந்தினாள். வெங்காயத் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றைப் பிடுங்கினாள். அத்தான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பாத்தியை நிறைத்து வரம்பை உடைத்துக்கொண்டு ஓடியது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

இரண்டு பேரும் திரும்பி வந்தபோது அவளுடைய கால் முழங்கால்வரை செம்மண். அக்கா அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு அத்தானின் முகத்தைப் பார்த்தார்.

"பதியிறதுக்கு என்னென்ன கொண்டு போக வேணும் எண்டு பார்" என்றார் அத்தான் மகளிடம். அவ்வளவுதான். கைகழுவப் போய்விட்டார்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே போனார். "இஞ்சாருங்கோ, அவள் உங்களிட்டை என்ன சொன்னவள்?"

"அவள் ஒண்டும் சொல்லேல்லை. திருகல் நோய் வந்த வெங்காயத்தைப் பிடுங்கி வைச்சுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னை மறந்துபோனாள், தன்னையும் மறந்துபோனாள்." தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார். "பிள்ளையின்ரை முகத்தை அப்பிடிப் பார்த்து எவ்வளவு காலம் எண்டு யோசிச்சுப் பார்த்தன். அதுக்குப் பிறகு எனக்கு வேறை ஒண்டும் யோசிக்க வரேல்லை."

அக்கா அழுதார். ஏமாற்றத்தில் பாதி, நிம்மதியில் பாதி என்று நான் நினைக்கிறேன். அழுதுகொண்டே நூற்றெட்டு மோதகத்துக்குப் பயறு எவ்வளவு வறுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

7

மோதகம் அவித்த நாள் அந்த வீட்டில் நடந்த ஆரவாரத்தை என்னவென்று சொல்வேன். கேற்றில் சுற்றிய துணியை அக்காவே அவிழ்த்தார். பயறு வறுக்கிற வாசம், தேங்காய் துருவுகிற சத்தம், ரீவியில் யாரோ பாட, ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் குசினியில். மாயா பிடித்த மோதகங்கள் பேர்கன் மலைகளைப் போல ஆளுக்கொரு பக்கம் சரிந்து நின்றன. பிள்ளையார் கோணலை எல்லாம் பார்க்கமாட்டார் என்று சொல்லி அவற்றையும் ஆவியில் அவிக்கிற நீத்துப்பெட்டியில் வைத்தார் அக்கா. கனடாவிலிருந்து வந்த அழைப்புக்கு, "ஓம், கம்பஸ் கிடைச்சிட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளிவிட்டு மாவைக் குழைக்கப் போய்விட்டார். மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் நான்தான் மறுமொழி சொன்னேன்.

இத்தனைக்கும் சாம்பவி எழும்பவில்லை. விடிந்து வெகுநேரமாகியும் வாயைத் திறந்தபடி நித்திரை. அக்கா மா ஒட்டிய கையோடு இரண்டு தரம் போய் எட்டிப் பார்த்தார். எழுப்பாமல் திரும்பி வந்தார்.

பின்னேரம் எல்லாரும் கோவிலுக்குப் போனோம். படைத்து முடிந்ததும் அத்தான் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வாசலில் நின்று ஆட்களுக்குக் கொடுத்தார். சாம்பவி பக்கத்தில் நின்று ஒரு மோதகத்தை முழுசாக வாய்க்குள் அடைத்துக்கொண்டு மாயாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கிட்டத்து வீட்டு அம்மா ஒருவர் மோதகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டார்.

"பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சுதாம். எவ்வளவு சந்தோசம். எந்த இடத்து மெடிசின்?"

அக்கா திரும்பிப் பிள்ளையாரைப் பார்த்தார். சாம்பவியின் சிரிப்பு நின்றது. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று முன்னால் வந்தேன். அதற்குள் அத்தான் தாம்பாளத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"மெடிசின் இல்லை. விவசாயம்" என்றார். "என்ரை தொழில். பிள்ளை அதைப் படிக்கப் போறாள்."

அவர் தன் தொழிலைப் பற்றி அப்படித் தலை நிமிர்ந்து சொல்லி நான் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. சாம்பவியும் கேட்டிருக்கமாட்டாள். வாய்க்குள் இருந்த மோதகத்தை விழுங்கவும் மறந்து தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாம்பாளம் வெறுமையான பிறகும், கேட்காத ஆட்களிடமெல்லாம் அத்தான் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.